சர்ச்சில் நடந்த கல்யாணம், 16 மாசமா தனித்தனி: டைவர்ஸுக்கு என்ன காரணம் எழுதணும்?

மேல்புறம் அண்ணன் | ஞாயிறு, இரவு 9:12

எனக்க தங்கச்சி விஷயமா கேக்கேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்யாணம் ஆகி நாலு வருஷம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில வச்சு நடந்தது. மாப்பிள மஸ்கட்டுல ஏ.சி. மெக்கானிக். கெட்டுன நாப்பதாம் நாள் போயிட்டான். அதுக்குப் பொறவு ரெண்டு லீவு, அவ்வளவுதான். தங்கச்சி அவனுக்க அம்மா கூட இருந்தா. நாங்க போட்டது 55 பவுன். அதுல 30 எங்கண்ணு கேட்டா ஃபைனான்ஸ்ல இருக்குங்காவ. எந்த ஃபைனான்ஸ்ணு கேட்டா பெகளம். கடைசி லீவுல குடிச்சிட்டு அடிச்சதுல காது ஜவ்வு கிழிஞ்சு போச்சு. அன்னைக்கு ராத்திரி ஆட்டோ பிடிச்சு பிள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தவதான். 16 மாசம் ஆச்சு. ஒரு பைசா அனுப்பல.

இப்ப அவிய ஆளு விட்டுச் சொல்லுதாவ: அஞ்சு லட்சம் தாறோம், பத்திரத்துல எழுதி ரெண்டு பேரும் ஒப்பு போட்டுத் தீத்துக்கலாம், கோர்ட்டு எல்லாம் என்னத்துக்குண்ணு. எங்க சபைக் கமிட்டியில ஒருத்தர் ஆறு மாசம் தனியா இருந்தா போதும்ங்காரு. திருவனந்தபுரத்துல சோலி பாக்குற சித்தி மகன், வருஷக் கணக்கே இப்ப கிடையாது, ஐகோர்ட்டு எடுத்து மாத்திட்டுங்கான். நாங்க யாரு சொல்லுறதக் கேக்க?

வடசேரி சந்தை | ஞாயிறு, இரவு 9:40

பத்திரத்துல ஒப்பு போட்றாதிங்க அண்ணே, அது செல்லாது. எனக்கு 2019-ல் மியூச்சுவல்ல, அதாவது ரெண்டு பேர் சம்மதத்துல, முடிஞ்சது. ஒரு வருஷம் பிரிஞ்சிருந்தோம்ணு எழுதி ரெண்டு பேரும் சேர்ந்து மனு போட்டோம். ஆறு மாசம் கழிச்சு வரச்சொல்லி, இன்னும் பிரியத்தான் விருப்பமாண்ணு தனித்தனியா கேட்டாங்க. அன்னைக்கே தீர்ப்பு. அந்த ஆறு மாசத்தையும் தள்ளுபடி செய்யலாம்ணு உச்ச நீதிமன்றம் 2017-ல சொல்லியிருக்கு, எங்க வக்கீலுக்கு அப்ப அதைக் கேட்கத் தோணல. உங்களுக்குத்தான் 16 மாசம் ஆச்சே, ஒரு வருஷக் கணக்கு சரியாப் போச்சு. மாப்பிள சம்மதிச்சா சுலபம்.

கோர்ட்டுமுக்கு குமாஸ்தா | ஞாயிறு, இரவு 10:25

வடசேரி தம்பி சொன்னது அவருக்குச் சரி, மேல்புறத்துக்குச் சரியில்ல. இங்கதான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல பாதிப் பேர் தப்புறாங்க.

நான் வக்கீல் இல்ல. 22 வருஷமா வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா. ஆபீஸ் படியேறி வர்றவங்க எல்லாரும் அடிச்சான், குடிச்சான், திட்டுனான்னு காரணத்துலதான் தொடங்குவாங்க. எங்க சீனியர் கையைக் காட்டி நிறுத்திட்டு ஒரே ஒரு கேள்வி கேப்பார்: தாலி கட்டுனது எங்க வச்சு? கோயிலா, சர்ச்சா, பள்ளிவாசலா, ரிஜிஸ்டர் ஆபீஸா? காரணம் அதுக்கப்புறம்தான்.

வடசேரிக்காரருக்கு 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டம். அதுல 13-பி பிரிவு, சம்மத விவாகரத்துக்கு ஒரு வருஷப் பிரிவு போதும். உங்க தங்கச்சிக்கு 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், 2001-ல் பெரிசா திருத்துனாங்க. அதுல 10-ஏ பிரிவு. எழுத்துல இருக்கிறது ரெண்டு வருஷம். மனு போட்டு ஆறு மாசம் கழிச்சு, 18 மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவை வரணும். கோர்ட்ல எண் போடுறதுகூட வேற வேற. அவருடையது எச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்ட மனு), உங்களோடது ஐ.டி.ஓ.பி. (விவாகரத்துச் சட்ட மனு).

உங்க சித்தி மகன் சொன்னதும் பொய் இல்ல. கேரள உயர் நீதிமன்றம் 2010-ல இந்த ரெண்டு வருஷத்தை ஒரு வருஷம்னு படிக்கணும்னு சொல்லிச்சு. மத்தவங்களுக்கு ஒரு வருஷம், கிறிஸ்தவங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டுங்கிற நியாயம். 2022 டிசம்பர்ல இன்னும் ஒரு படி மேல போய், அந்த ஒரு வருஷக் காத்திருப்பே அரசியலமைப்புக்கு முரண்னு அடிச்சுது. ஆனா நாம கேரளம் இல்ல. 1956 நவம்பர் 1-ல பிரிஞ்சு வந்துட்டோம். நமக்கு மேல இருக்கிறது சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை. மத்தியச் சட்டத்தை ஒரு ஐகோர்ட்டு முரண்னு சொன்னா அது நாடு முழுக்கச் செல்லுமான்னு வக்கீல்களுக்குள்ளயே வாதம் உண்டு. எடுத்துக்காட்டி வாதாடலாம். அதை நம்பித் தேதி குறிக்காதிங்க.

களியக்காவிளை மருமகள் | ஞாயிறு, இரவு 10:58

அப்ப எனக்கு? எனக்க கல்யாணம் பாறசாலை சர்ச்சுல. இருந்தது நெய்யாற்றின்கரையில. இப்ப அம்மா வீட்டுல, களியக்காவிளையில.

கோர்ட்டுமுக்கு குமாஸ்தா | ஞாயிறு, இரவு 11:06

நீங்க கேரளக் கோர்ட்டுக்குத்தான் போகணும்மா. இந்த 1869 சட்டப்படி கல்யாணம் நடந்த இடம், ரெண்டு பேரும் இருக்கிற இடம் இல்லாட்டி கடைசியா சேர்ந்து இருந்த இடம், இதுல ஒண்ணுலதான் மனு போட முடியும். இந்து சட்டத்துல 2003-ல ஒரு வரி சேர்த்தாங்க, பெண் இப்ப எங்க இருக்காளோ அங்கயே போடலாம்னு. கிறிஸ்தவச் சட்டத்துல அந்த வரி இல்ல. ஆனா உங்களுக்கு ஒரு லாபம் இருக்கு: அங்க போட்டா மேல சொன்ன 2022 தீர்ப்பு நேரடியா உங்களுக்குச் செல்லும். அவர் சம்மதிச்சா மனு போட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம்.

அதே சட்டம், அதே மாதிரி சர்ச். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமாங்கிறதுல மாறுது பாருங்க. எங்க ஆபீஸ்ல இதை வச்சு ஒரு நாள் முழுக்கச் சிரிச்சிருக்கோம், கட்சிக்காரர் சிரிக்கல.

நேர்மையாளன்77 | திங்கள், காலை 6:50

எல்லாம் சரி, பையன் பக்கம் யாராவது கேட்டீங்களா? வெளிநாட்டுல வெயில்ல கிடந்து சம்பாதிக்கிறவன். இப்பல்லாம் பொண்ணுங்க மகளிர் ஸ்டேஷன்ல ஒரு பொய்க் கம்ப்ளெயிண்ட், அதோட ஜீவனாம்சம். சட்டமே அவளுக்குத்தான்.

கோர்ட்டுமுக்கு குமாஸ்தா | திங்கள், காலை 8:15

பொய்ப் புகார் கொடுத்தா அதுவே மனரீதியான கொடுமை, அதை வச்சுப் புருஷன் விவாகரத்து வாங்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2013-லயே சொல்லியாச்சு. அதனால சட்டம் ஒரு பக்கம்னு சொல்ல முடியாது. இவங்க காது ஜவ்வு கிழிஞ்சதுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும்னு நினைக்கிறேன். ஜவ்வு பொய் சொல்லாது சார்.

நெறியாளர் | திங்கள், காலை 8:30

நேர்மையாளன், உங்க வழக்கைப் பத்திக் கேக்கணும்னா தனி இழை தொடங்குங்க. இது மேல்புறத்தோட கேள்வி.

சாமியார்மடம் டீச்சர் | திங்கள், காலை 10:05

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். இதைப் படித்தபோது என் சின்னம்மா மகள் நினைவுக்கு வந்தாள். 1990-களின் தொடக்கம். அவள் கணவருக்கு வேறொரு குடும்பம் இருந்தது, அது ஊருக்கே தெரியும். வக்கீல் சொன்னது இதுதான்: கணவன் மனைவியை விலக்க வேண்டுமானால் அவள் தவறு செய்தாள் என்று மட்டும் நிரூபித்தால் போதும். மனைவிக்கு அது போதாது. அந்தத் தொடர்போடு சேர்த்துக் கொடுமையையோ, இரண்டு வருடம் கைவிட்டதையோ நிரூபிக்க வேண்டும். கொடுமை மட்டும் என்றால் விவாகரத்து கிடையாது, பிரிந்து வாழ மட்டும் உத்தரவு. அப்படியே கீழ்க் கோர்ட்டு தீர்ப்பு கொடுத்தாலும் அது ஐகோர்ட்டில் மூன்று நீதிபதிகள் முன் போய் உறுதியாக வேண்டும். அவள் மனுவே போடவில்லை. கடைசி வரை அவருடைய பெயரைத்தான் ரேஷன் கார்டில் வைத்திருந்தாள்.

2001 திருத்தம்தான் இதை மாற்றியது. இப்போது கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பட்டியல். கொடுமை தனியாகவே நிற்கும், கைவிடுதல் தனியாகவே நிற்கும். மனைவிக்கு மட்டும் கூடுதலாகச் சில காரணங்கள் உண்டு. மேல்புறம் தம்பி, உங்கள் தங்கைக்கு என் தங்கைக்கு இல்லாத வழி இருக்கிறது.

மேல்புறம் அண்ணன் | திங்கள், பகல் 1:30

நன்றி டீச்சர். குமாஸ்தா அண்ணே, அப்ப எங்களுக்கு என்ன காரணம் எழுதலாம்? பைசா அனுப்பாதது, நகை, குடி, அடி எல்லாம் தனித்தனியா எழுதணுமா? கைவிட்டுட்டான்ணு எழுதலாமா?

கோர்ட்டுமுக்கு குமாஸ்தா | திங்கள், இரவு 9:20

சாவகாசமா எழுதுறேன்.

சட்டத்துல இருக்கிற காரணம் இவ்வளவுதான்: வேற ஆளோட தொடர்பு, மதம் மாறினது, ரெண்டு வருஷமாத் தீராத மனநோய், ரெண்டு வருஷமாத் தொத்தக்கூடிய பால்வினை நோய், ஏழு வருஷமா உயிரோட இருக்காரான்னே தகவல் இல்லாதது, தாம்பத்தியத்துக்கு வேணும்னே மறுத்தது, சேர்ந்து வாழச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு போட்டும் ரெண்டு வருஷம் கேக்காதது, ரெண்டு வருஷம் கைவிட்டது, அப்புறம் கொடுமை. தொழுநோய்னு ஒண்ணு இருந்துச்சு, 2019-ல எல்லாச் சட்டத்துல இருந்தும் எடுத்துட்டாங்க.

பட்டியல்ல குடி இருக்கா பாருங்க. இல்ல. நம்ம ஊர்ல வர்ற பத்து பேர்ல பலர் சொல்ற முதல் காரணம் அதுதான், ஆனா குடி எந்தச் சட்டத்துலயும் தனிக் காரணமா இல்ல. குடிச்சிட்டு என்ன செஞ்சான்கிறதுதான் கொடுமைக்குள்ள வரும். ஒத்துப்போகல, மனசு விட்டுப்போச்சுங்கிறதும் காரணம் இல்ல. திருமணம் மீட்க முடியாம முறிஞ்சு போச்சுன்னு சொல்லி விவாகரத்துக் கொடுக்கிற அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். அரசியலமைப்போட 142-ம் பிரிவுல அது முடியும்னு 2023 மே மாசம் தீர்ப்பு வந்துச்சு. அதைப் பேப்பர்ல படிச்சிட்டு நாகர்கோவில் குடும்ப நீதிமன்றத்துல கேட்டா கிடைக்காது.

உங்களுக்கு நிக்கிறது கொடுமை. கூட இருந்தா தனக்குக் கேடு வரும்னு நியாயமான பயம் வர்ற அளவுக்கு நடந்துக்கிட்டது, அப்படித்தான் அந்த 10-ம் பிரிவு சொல்லுது. இந்து சட்டத்துல 1976-க்கு அப்புறம் இந்தப் பயம்கிற வார்த்தை கிடையாது, சும்மா கொடுமைன்னு போட்டிருக்கு. உங்க சட்டத்துல அந்தப் பயத்தை மனுவுல எழுதியே ஆகணும். அடி, ஜவ்வு, அன்னைக்கு ராத்திரி ஓடி வந்தது, இது போதும். நகையையும், பைசா அனுப்பாததையும் அதுக்குள்ளயே சம்பவமா எழுதுங்க. தேதியோட எழுதணும். அடிக்கடி கொடுமைப்படுத்தினார்னு எழுதுற மனுவை எதிர்த்தரப்பு ரெண்டே கேள்வில கிழிச்சிரும்.

கைவிட்டது இப்ப எழுத முடியாது. மனு போடுற தேதிக்கு முந்தி தொடர்ச்சியா ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும். உங்களுக்கு எட்டு மாசம் பாக்கி. வீட்டை விட்டு வந்தது உங்க தங்கச்சிதானே, அவதானே கைவிட்டான்னு அவங்க சொல்லுவாங்க. அதுக்குப் பயப்படாதிங்க. 1956-ல இருந்தே சட்டம் பாக்கிறது யார் வாசலைத் தாண்டினாங்கிறதை இல்ல, தாண்ட வச்சது யாருங்கிறதையும், திரும்பச் சேரக்கூடாதுங்கிற எண்ணம் யாருக்கு இருந்துச்சுங்கிறதையும்.

கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள்ள மனு போடக்கூடாதுன்னு இந்து சட்டத்துல ஒரு தடை இருக்கு. உங்களுக்கு அதுவும் இல்ல, நாலு வருஷமும் ஆச்சு.

மஸ்கட்ல ஒரு மார்த்தாண்டம் | திங்கள், இரவு 10:45

நான் இங்க 11 வருஷமா இருக்கேன். வருஷத்துல ஒரு மாசம்தான் ஊர். இது கைவிடுறதா? பயமா இருக்கு குமாஸ்தா சார்.

கோர்ட்டுமுக்கு குமாஸ்தா | திங்கள், இரவு 10:52

இல்ல. சம்மதத்தோட வேலைக்குப் போனா அது கைவிடுறது ஆகாது. பைசா அனுப்புறீங்க, போன் பேசுறீங்க, லீவுக்கு வர்றீங்க. தூரம் கணக்கு இல்ல, எண்ணம்தான் கணக்கு. அப்படி இல்லேன்னா நம்ம மாவட்டத்துல பாதி வீடு கோர்ட்லதான் நிக்கும்.

பீரப்பா ஊர்க்காரன் | திங்கள், இரவு 11:20

தக்கலையில இருந்து ஒரு வார்த்தை. முஸ்லிம் பெண்ணுக்கு 1939 சட்டம். அதுல ரெண்டு வருஷம் செலவுக்குக் கொடுக்காம இருந்தா அதுவே தனிக் காரணம். நாலு வருஷம் ஆள் எங்கேன்னு தெரியலேன்னாலும் காரணம்தான், மத்தச் சட்டத்துல இது ஏழு வருஷம். 1939-லயே இவ்வளவு இருந்திருக்கு. ஆனா எங்கள்ல நிறைய பேருக்கு இது தெரியாது, குலாவுக்கு (மனைவி கேட்டு வாங்குற விவாகரத்து) கடிதம் எழுதி ஒரு சான்றிதழ் வாங்கிட்டா முடிஞ்சதுன்னு இருக்காங்க. அப்படித் தனியார் அமைப்புகள் கொடுக்கிற குலாச் சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல சொல்லிருச்சு. என் மச்சினிச்சிக்கு பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனப்பதான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இல்லேன்னு தெரிஞ்சுது.

கடற்கரைக்காரி | செவ்வாய், காலை 7:10

எங்க பக்கம் இதே கதைதான், ஆயர் இல்லத்துல இருக்கிற திருமணத் தீர்ப்பாயம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு அங்க மூணு வருஷம் விசாரிச்சு, இந்தத் திருமணம் தொடக்கத்துல இருந்தே செல்லாதுண்ணு எழுதிக் குடுத்தாவ. அவ சந்தோஷமா மறு கல்யாணம் நிச்சயம் செய்தா. கோர்ட்டுக்குப் போகவே இல்ல. முதல் புருஷன் போலீசுல புகார் குடுத்தான், புருஷன் உயிரோட இருக்க இன்னொருத்தனைக் கெட்டப் போறாண்ணு. சர்ச்சு குடுத்த தாளை அரசாங்கம் ஏத்துக்காதுண்ணு 1996-லயே உச்ச நீதிமன்றம் சொன்னதாம், 2017-லயும் அதையே சொன்னதாம். ஓலை (சர்ச்சுல கல்யாண அறிவிப்பு) வாசிக்கிறதுக்கு முந்தி யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். அங்கயும் வேணும், இங்கயும் வேணும், கத்தோலிக்கருக்கு ரெட்டைச் சோலி.

இன்னொண்ணு கேக்கட்டா மேல்புறம் அண்ணே? நேத்துல இருந்து படிச்சிட்டு இருக்கேன். நாங்க போட்டோம், நாங்க என்ன எழுதலாம், நாங்க யாரைக் கேக்கண்ணு நீங்கதான் பேசுதிய. தங்கச்சி என்ன சொல்லுதா? அவளுக்கு டைவர்ஸ் வேணுமா?

மேல்புறம் அண்ணன் | செவ்வாய், இரவு 8:40

கேட்டேன். ரெண்டு நாளா யோசிக்கேன்ணா. அப்புறம் நான் உங்ககிட்ட சொல்லாத ஒரு விஷயத்தை அவதான் எடுத்துச் சொன்னா. மாப்பிள வீடு முதல்ல இந்து. எங்க தாத்தா தலைமுறையில நாங்களும் அதே ஆளுகதான், சொந்தம்கூட உண்டு. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்ன அவன் ஞானஸ்நானம் எடுத்தான். கல்யாணத்தன்னைக்குச் சாயங்காலம் அவிய குலக்கோயில்ல வச்சு இன்னொரு தாலியும் கெட்டுனான், அவனுக்க அம்மாவுக்க ஆசைக்கு. இப்ப அவன் சபைக்குப் போறது இல்ல, கோயிலுக்குத்தான். இது எந்தச் சட்டம்? இந்து சட்டத்துல போட்டா ஒரு வருஷக் கணக்கு கிடைக்குமா?

வடசேரி சந்தை | செவ்வாய், இரவு 8:55

கிடைச்சா நல்லதுதானே, கோயில் தாலியும் தாலிதானே?

கோர்ட்டுமுக்கு குமாஸ்தா | செவ்வாய், இரவு 9:50

அந்த ஆசையே வேண்டாம். இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் நடக்கணும்னா ரெண்டு பேரும் இந்துவா இருக்கணும். ஒருத்தர் கிறிஸ்தவரா இருந்து கோயில்ல தாலி கட்டினா அந்தக் கல்யாணமே செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் 2008-ல சொல்லியிருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் உங்க தங்கச்சி கிறிஸ்தவர். ஞானஸ்நானம் எடுத்திருந்தா அவரும் கிறிஸ்தவர். அந்தத் தாலி அவங்க அம்மாவுக்குத் திருப்தி, சட்டத்துக்கு ஒண்ணும் இல்ல. காலையில சர்ச்சுல நடந்ததுதான் கல்யாணம். 1869 சட்டத்துக்கு ரெண்டு பேரும் கிறிஸ்தவரா இருக்கணும்னுகூட இல்ல, மனு போடுறவங்களோ எதிர்த்தரப்போ ஒருத்தர் இருந்தாப் போதும்.

ஒரே வீட்டுல அண்ணன் கோயிலுக்கும் தம்பி சர்ச்சுக்கும் போற ஊர் இது. கல்யாண வீட்டுல அது ஒரு பிரச்சினையே இல்ல, அழகுதான். பிரியும்போதுதான் எந்த வாசல் வழியா உள்ள வந்தோம்னு தேட வேண்டியிருக்கு. இப்படிக் கலந்து கட்டுறவங்க 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்துல பதிஞ்சா இந்தக் குழப்பமே இல்ல, சம்மதப் பிரிவுக்கும் அங்க ஒரு வருஷம்தான். யார் கேக்கிறா.

அவர் கோயிலுக்குப் போறதைப் பத்தி. வேற மதத்துக்கு மாறிட்டாங்கிறது தனிக் காரணம், உண்மைதான். ஆனா விபூதி பூசுறதும் மாலை போடுறதும் மதமாற்றம் ஆயிராது. அரசிதழ்ல அறிவிச்சிருக்கணும், சான்றிதழ் வாங்கியிருக்கணும், அந்த மாதிரி உறுதியா ஏதாவது வேணும். அப்படி இருந்தா அடி உதையெல்லாம் நிரூபிக்காமலே முடியும். இல்லேன்னா அதை மனுவுல இழுக்காதிங்க.

சாமியார்மடம் டீச்சர் | செவ்வாய், இரவு 10:15

அதை இழுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அடித்தவனை அடித்தவன் என்று எழுதுங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்பதை ஏன் குற்றம் போல எழுத வேண்டும்? நாளை அந்தப் பையன் தன் அப்பாவைப் பற்றி இந்த மனுவைத்தான் படிப்பான்.

மேல்புறம் அண்ணன் | புதன், காலை 6:30

சரி டீச்சர். ஆதாரம் என்ன வேணும் அண்ணே? எனக்க கையில ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டும், அவன் குடிச்சிட்டு அனுப்புன பதினாலு வாய்ஸ் மெசேஜும் இருக்கு.

கோர்ட்டுமுக்கு குமாஸ்தா | புதன், காலை 8:05

ஓ.பி. சீட்டுல எப்படி அடிபட்டுச்சுன்னு என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. விழுந்துட்டேன்னு சொல்லியிருந்தா அதையும் மறைக்காம வக்கீல்கிட்ட சொல்லுங்க, அடி வாங்கின பெண்கள் முதல் தடவை அப்படித்தான் சொல்லுவாங்க, கோர்ட்டுக்கும் அது தெரியும். வாய்ஸ் மெசேஜ் இருக்கிற போனை மாத்தாதிங்க, விக்காதிங்க, ரிப்பேருக்குக் கொடுக்காதிங்க. காப்பி எடுத்துக் கொடுத்தா பாரதிய சாட்சிய அதினியம், அதாவது புது சாட்சியச் சட்டம், 63-ம் பிரிவுச் சான்று சேர்த்துக் கொடுக்கணும். புருஷன் பெண்டாட்டி பேச்சை ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் பதிவு செஞ்சிருந்தாலும் விவாகரத்து வழக்குல சாட்சியா எடுக்கலாம்னு 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. உங்களோடது அவரே அனுப்பினது, அந்தக் கேள்வியே இல்ல.

ஆட்டோக்காரரைக் கண்டுபிடிங்க. அன்னைக்கு ராத்திரி கூட்டிட்டு வந்தவர். சொந்தக்காரர் பத்து பேரைவிட அவர் ஒருத்தர் சாட்சி பெரிசு.

கல்யாணச் சான்று சபைப் பதிவேட்டுல இருந்து ஒரு நகல். நகைக்கு ரசீது, கல்யாண போட்டோ, வீடியோ. சீதனமாப் போனதைத் திருப்பிக் கேக்கிறது தனி மனு, விவாகரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். செலவுக்கு இடைக்கால ஜீவனாம்சம் 36-ம் பிரிவுல கேக்கலாம். ரெண்டு தரப்பும் சொத்து, வருமானம் பத்தி பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்யணும்னு 2020 தீர்ப்பு இருக்கு, மஸ்கட் சம்பளம் அங்க வெளிய வந்தே ஆகணும்.

வக்கீல் ஃபீஸுக்கு யோசிச்சா, பெண்களுக்கு வருமானக் கணக்கே பாக்காம இலவசமா வக்கீல் கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. நாகர்கோவில்ல மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போய் மனு எழுதிக் கொடுங்க. முதல்ல போன்ல கேக்கணும்னா 15100. எங்க ஆபீஸுக்கு வாங்கன்னு நான் சொல்லல, அது முறை இல்ல.

நேர்மையாளன்77 | புதன், காலை 9:30

முந்தாநேத்து கோபத்துல எழுதிட்டேன். எனக்கே ஒரு கேஸ் நடக்குது. ஒரு கேள்வி. சேர்ந்து வாழ மனு போட்டா அவ வந்துதான் ஆகணுமா?

கோர்ட்டுமுக்கு குமாஸ்தா | புதன், காலை 9:48

வரச் சொல்லி உத்தரவு வாங்கலாம். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர எந்தக் கோர்ட்டு அமீனாவும் வரமாட்டார். உத்தரவுக்கு அப்புறமும் சேரலேன்னா, இந்து சட்டத்துல ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் அதையே காரணமாக் காட்டிப் பிரியலாம். பலர் அதுக்காகவே இந்த மனுவைப் போடுறாங்க. நிஜமாவே அவங்க வரணும்னு நினைச்சா, மனுவுக்கு முந்தி வேற யாரையாவது அனுப்பிப் பேசுங்க தம்பி.

மேல்புறம் அண்ணன் | ஆறு வாரம் கழித்து, சனி, மாலை 5:15

சொல்லாமப் போயிட்டேன்ணு நினைக்காதிங்க. அஞ்சு லட்சம் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியாச்சு. இலவச வக்கீல் ஒரு அக்கா கிடைச்சாவ, நல்ல ஆளு. கொடுமைண்ணு ஒரே காரணம்தான் எழுதியிருக்கு. ஐ.டி.ஓ.பி. நம்பர் ஆயாச்சு. ஆட்டோக்காரரு குலசேகரத்துல ரப்பர் பால் வெட்டப் போயிட்டாரு, தேடிப் பிடிச்சோம். வாறேன்ணு சொல்லியிருக்காரு.

மனுவுக்கு முந்தி நடந்ததை எல்லாம் தேதிவாரியா எழுதிக் கொண்டு வரச் சொன்னாவ. நான் எட்டுப் பக்கம் எழுதுனேன். தங்கச்சி வாங்கிப் படிச்சா. ஒரு பேனா எடுத்து, நான் ‘நாங்க’ண்ணு எழுதுன இடத்துல எல்லாம் ‘நான்’ண்ணு மாத்துனா. பொறவு நகையைப் பத்தி நான் எழுதுன மூணு பக்கத்தை ஒரு பக்கமாக் குறைச்சா. காது விஷயம் நான் ரெண்டு வரிதான் எழுதியிருந்தேன், அதை ரெண்டு பக்கமா அவளே எழுதுனா. எனக்குத் தெரியாதது நிறைய இருந்தது.

கடற்கரைக்காரி | சனி, மாலை 6:02

அவளுக்கு எனக்க அன்பைச் சொல்லுங்க அண்ணே.

கோர்ட்டுமுக்கு குமாஸ்தா | சனி, இரவு 9:30

வாய்தா அன்னைக்குப் பத்தரைக்குள்ள போயிருங்க, பேரு கூப்பிடும்போது ஆள் இல்லேன்னா அடுத்த தேதி போயிரும். முதல்ல சமரசத்துக்கு அனுப்புவாங்க, அது முறை, பயப்பட வேண்டாம். மஸ்கட்ல இருந்து வீடியோவுல வர அவர் தரப்புல மனு போடலாம், எதிர்க்காதிங்க, நாள் மிச்சம். பையனைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணியும் வச்சுக்கோங்க.

மேல்புறம் அண்ணன் | சனி, இரவு 9:41

பையனை அம்மாகிட்ட விட்டுட்டுப் போறோம். தங்கச்சிதான் சொன்னா.